கூகை நேற்று என்ன சாப்பிட்டது?

முப்பத்தாறு ஆண்டுகள் மலம் பார்த்துச் சம்பளம் வாங்கினேன். முதல் இருபத்திரண்டு ஆண்டுகள் மனிதருடையது. பிறகு பதினான்கு ஆண்டுகள் பறவைகளுடையது. விருந்துகளில் யாராவது என் வேலையைக் கேட்டால், அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து சொல்வது என் வழக்கம்.

சென்ற மாதம் ரேவதி தொலைபேசியில் அழைத்தாள். சாணக்யபுரிக்குப் பின்னால், ரிட்ஜ் காட்டை ஒட்டி இருக்கும் பறவைகள் மறுவாழ்வு மையத்தின் பரிசோதனைக்கூடத்தில் இப்போது என் நாற்காலியில் இருப்பவள் அவள். டில்லியிலேயே பிறந்து, மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் படித்தவள்.

"ஆன்ட்டி, புது மெஷின் வந்திருக்கு. ஸ்லைடை உள்ளே வெச்சா போதும், எந்தப் புழுவோட முட்டைன்னு அதுவே சொல்லிடும். ஆனா அதுக்கு நாம முதல்ல கத்துக்குடுக்கணுமாம். டாக்டர் மேடத்தோட தப்புப் பெட்டி இருக்கில்ல? அதுல இருக்கற ஸ்லைடெல்லாம் என்னென்னன்னு நீங்கதான் வந்து சொல்லணும். ஜல்தி வாங்க ப்ளீஸ்."

போனேன். தப்புப் பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. நூறு கண்ணாடித் தகடுகளைச் செருகி வைக்கும் சாதாரண மரப்பெட்டி. மையத்தில் யாராவது ஒரு முட்டையையோ புழுவையோ தவறாகப் படித்து, பிறகு அது தவறென்று தெரிந்தால், அந்த மாதிரி இந்தப் பெட்டிக்குள் போகும். முட்டையை ஜெல்லியில் பதித்து, மேலே மெல்லிய கண்ணாடிச் சில்லை வைத்து, காற்றுப் புகாமல் நான்கு ஓரங்களையும் நிறமில்லாத நகப்பூச்சால் அடைப்போம். தவறு செய்தவரே தன் கையால் அடைக்க வேண்டும். இதை ஏற்படுத்தியவர் டாக்டர் வசுந்தரா. பெட்டியின் முதல் ஏழு தகடுகள் அவருடைய தவறுகள். அவர் இப்போது வேறு ஊரில் வேறு மையத்தில் இருக்கிறார். பெட்டி இங்கேயே தங்கிவிட்டது.

ரேவதி ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தாள். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். நாற்பத்தொன்றாவது தகட்டை எடுத்ததும் நிறுத்தினாள். மற்றவை எல்லாம் நிறமில்லாமல் இருக்க, அதன் ஓரங்கள் மட்டும் நல்ல சிவப்பு.

"இது மட்டும் ஏன் ஆன்ட்டி லிப்ஸ்டிக் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கு?"

சொல்கிறேன் என்றேன். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான் நாகர்கோவில் பக்கத்துப் பெண். அக்கா டில்லியில் நர்ஸ் வேலைக்கு வந்தாள். அவளுக்குத் துணையாக நான் வந்தேன். லேப் டெக்னீஷியன் படிப்பு, ஒரு தனியார் மருத்துவமனை, கரோல் பாகில் ஓர் அறை. இதற்குமேல் அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. மருத்துவமனை தன் பரிசோதனைக்கூடத்தை வெளியார் நிறுவனத்திடம் ஒப்படைத்தபோது எங்கள் மேஜைகள் போயின. அப்போதுதான் இந்த மையத்தில் ஆள் தேடினார்கள். மனித மலத்தில் கொக்கிப்புழு முட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவள் நான். பறவை மலம் என்ன பெரிய காரியம் என்றுதான் நினைத்தேன்.

டாக்டர் வசுந்தரா என்னைவிட ஒன்பது வயது இளையவர். கரோல் பாகில் குமாஸ்தா குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் தமிழ் பேசினாலும் எழுதப் படிக்கத் தெரியாது. என்னை 'ஜெசிந்தா ஜி' என்பார். முதல் நாள் ஓர் ஆந்தையின் எச்சத்தைக் காகிதத்தில் கொண்டுவந்து வைத்தார்.

"இதுல எதை எடுப்பீங்க?"

நான் வெள்ளையும் கறுப்புமாக இருந்ததைச் சேர்த்து எடுக்கப் போனேன்.

"வெள்ளை சிறுநீர். கறுப்புதான் குடல்லேர்ந்து வர்றது. கறுப்பை மட்டும் எடுங்கோ. அச்சா, இன்னொண்ணு. ஸ்லைடைப் பார்க்கறதுக்கு முன்னாடி, இது நேத்து என்ன சாப்பிட்டதுன்னு கேட்டுண்டு வாங்கோ."

"எதுக்கு டாக்டர்? நான் பாக்கப் போறது குடலையில்லா?"

"நீங்க பார்க்கப் போறது, வாயில போனதுக்கு அப்புறம் மிச்சம் இருக்கறது" என்றார்.

கேட்டுக்கொண்டேன். சில மாதங்கள் கேட்கவும் செய்தேன். பிறகு விட்டுவிட்டேன். எல்லா ஆந்தைகளும் ஒரே தீனியைத்தான் தின்றன: குளிர்பெட்டியில் வைத்த வெள்ளை எலி, அல்லது கோழிக்குஞ்சு. கேட்பானேன்?

அவர் வேலை செய்யும் விதம் எனக்கு முதலில் நேர விரயமாகத் தெரிந்தது. புதிய பறவை வந்தால் அதைத் தொடுவதற்கு முன், கவிழ்த்த காய்கறிப் பெட்டி ஒன்றில் கூண்டுக்கு எதிரே பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பார். கைப்பேசி மேஜையில் கிடக்கும். எந்தக் கண்ணை அதிகம் மூடுகிறது, எந்தக் காலில் எடை போடுகிறது என்று பார்ப்பார். நான் எழுதிவைத்த அறிக்கையை அவர் உடனே படிக்க மாட்டார். அதன் மேல் ஒரு காகிதத்தை மூடிவிட்டு, தானே தகட்டைப் பார்த்து, தான் கண்டதைத் தனியாக எழுதுவார். அதற்குப் பிறகுதான் என்னுடையதைத் திறந்து ஒப்பிடுவார். "உங்களுடையதை முதல்ல படிச்சா, என் கண் அதைத்தான் தேடும்" என்பார். இரண்டும் ஒன்றாக இருந்தால் கையெழுத்து. வேறாக இருந்தால் இருவரும் மறுபடி உட்கார வேண்டும். அவர் ஒருமுறைகூட 'தப்பு' என்று சொன்னதில்லை. "எங்கே பார்த்தீங்க? காட்டுங்கோ" என்பதோடு சரி.

இந்த வழக்கம் ஆண்டுக்கு ஒருமுறை ஆட்டம் காணும். ஆகஸ்டில் டில்லியின் வானம் முழுக்கப் பட்டங்கள். கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூலில் இறக்கை அறுபட்டு, அட்டைப் பெட்டிகளில், தலையணை உறைகளில், ஹெல்மெட்டுகளில் பறவைகள் வந்துகொண்டே இருக்கும். கூண்டுகள் போதாமல் குளியலறையில் பருந்துகளை வைத்த ஆண்டும் உண்டு.

அப்படியொரு ஆகஸ்டில்தான் அந்தக் கூகை வந்தது. இதய வடிவ வெள்ளை முகம் கொண்ட, பழைய கட்டடங்களில் வாழும் ஆந்தை அது. மோதி பாக் அரசுக் குடியிருப்பில் ஓர் அரசமரத்தில் தலைகீழாகத் தொங்கியதாம். இடது இறக்கையில் எலும்பு தெரியும் வெட்டு. நான்கு பெரிய சிறகுகள் போயிருந்தன. எடை நானூற்றுப் பத்து கிராம். டாக்டர் தைத்தார். நான்காம் கூண்டில் விட்டார்கள்.

வந்த அன்றே எச்சம் பார்த்தேன். அடர்ந்த உப்புக் கரைசலில் எச்சத்தைக் கலக்கி, குழாயின் விளிம்புவரை நிரப்பி, மேலே கண்ணாடிச் சில்லை வைத்துப் பதினைந்து நிமிடம் விட்டால், முட்டைகள் மிதந்து வந்து சில்லில் ஒட்டிக்கொள்ளும். நுண்ணோக்கியில் வைத்ததும் முட்டைகள் கூட்டமாகத் தெரிந்தன. பீப்பாய் வடிவம், இரு முனைகளிலும் தக்கை வைத்து அடைத்தது போன்ற மூடி. ஆந்தைகளின் குடலில் மயிரிழை போன்ற ஒரு புழு உண்டு. கண்டுகொள்ளாமல் விட்டால் பறவையை உருக்கிக் கொன்றுவிடும். அதன் முட்டை இப்படித்தான் இருக்கும். 'மயிரிழைப் புழு, மிக அதிகம்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். டாக்டரின் கையில் அப்போது ஒரு பருந்தின் இறக்கை இருந்தது. என் அறிக்கையைப் படித்தார். கையெழுத்துப் போட்டார். புழு மருந்து தொடங்கியது.

எங்கள் விதி எளிது. அடுத்தடுத்து இரண்டு பரிசோதனைகள் சுத்தமாக வந்தால்தான் பறவை பெரிய பறக்கும் கூண்டுக்குப் போகலாம். அங்கே பறந்து பழகினால்தான் வெளியே விடலாம். சின்னக் கூண்டில் காட்டுப் பறவை நெடுநாள் இருக்க முடியாது. கம்பியில் மோதி மோதிச் சிறகு ஒடியும், தசை வற்றும். அதன் பிறகு அது பறவைக் கணக்கில் வராது. ஆக, அந்தக் கூகையின் வானம் என் பேனா முனையில் இருந்தது.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தேன். முட்டைகள் அப்படியே இருந்தன. மீண்டும் 'மிக அதிகம்' என்று எழுதினேன். டாக்டர் மீண்டும் கையெழுத்துப் போட்டார். இரண்டாம் சுற்று மருந்து. கூகையின் எடை முந்நூற்று அறுபதுக்கு இறங்கியது. தைத்த இடம் ஆறிவிட்டது. புதிய சிறகுகள் முளைக்கத் தொடங்கின. ஆனால் அது தலையை உள்ளே இழுத்துக்கொண்டு மூலையில் நின்றது.

செல்வியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தீனி போடுவது, கூண்டு கழுவுவது அவள் வேலை. கள்ளக்குறிச்சிப் பக்கம். கணவன் கட்டட வேலைக்கு டில்லி வர, கூட வந்தவள். குடிசைப் பகுதி ஒன்றில் வீடு. மையத்தில் சேருவதற்கு முன் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். எங்கள் எல்லோரையும்விடக் கூண்டுகளுக்கு முன்னால் அதிக நேரம் நின்றவள் அவள்தான்.

"அக்கா, நாலாம் நம்பரு சாப்புட மாட்டேங்குது" என்று என்னிடம் வந்து சொன்னாள்.

"புழு இருக்குல்லா, அதான். மருந்து முடிஞ்சா சாப்பிடும்."

"மருந்து ஆரமிச்சப்புறம்தான் சாப்புடல."

"நீ எப்பம்ளா டாக்டருக்குப் படிச்ச?" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள். இன்று நினைத்தால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் முறையும் முட்டைகள் வந்தன. அறிக்கையைக் கொண்டு போய்க் கொடுத்தேன். செப்டம்பர் பாதி, பட்டங்கள் ஓய்ந்திருந்தன. டாக்டர் என் தாளைக் கவிழ்த்து வைத்தார். தகட்டை வாங்கிப் போய் நெடுநேரம் பார்த்தார். பிறகு கூண்டுக்கு எதிரே பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். கூகையின் இடது இறக்கையை விரித்து, முளைத்துவரும் சிறகின் குறுக்கே ஓடிய ஒரு வெளிறிய கோட்டை எனக்குக் காட்டினார்.

"இது நம்ம மருந்து போட்ட கோடு. சிறகு இந்த இடத்துல ஒடியும். இன்னொரு சுற்று குடுத்தா வர்ற சிறகெல்லாம் இப்படித்தான் வரும். இது பறக்காது."

"குடுக்கலேன்னா புழு தின்னுரும் டாக்டர்."

"ஆமா. அதனாலதான் நிஜமாவே புழு இருக்கான்னு தெரியணும். இனிமே ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வேண்டாம். பத்து நாள், தினமும் பாருங்கோ. எண்ணி எழுதுங்கோ."

எண்ணினேன். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் ஒரே பார்வையில் அறுபது முட்டைகள். நான்காம் நாள் மூன்று. ஐந்தாம் நாள் ஒன்றுமில்லை. ஆறாம் நாள் மறுபடி மொய்த்தன. குடலில் குடியிருக்கும் புழு இப்படி விடுமுறை எடுத்துக்கொண்டு முட்டை போடுமா? எனக்கு அன்றுதான் உள்ளே ஏதோ இடறியது. ஏழாம் நாள் காலை, யாரும் வருமுன் மையத்துக்குப் போனேன். எச்சத்தை அது விழுந்த உடனே எடுக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

எச்சத்தோடு இன்னொன்றும் கிடந்தது. ஆந்தைகள் இரையை முழுசாக விழுங்கும். செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாகத் திரட்டி, வாய் வழியாகக் கக்கிவிடும். ஆறு ஆண்டுகளாக நான் அந்த மையத்தில் இருந்தேன். கூண்டுகளில் அந்த உருண்டைகளைப் பார்த்தது அபூர்வம். நான் வருவதற்குள் செல்வி கழுவிவிடுவாள். உருண்டையைத் தட்டில் வைத்து, வெதுவெதுப்பான நீர் விட்டு, இரண்டு ஊசிகளால் பிரித்தேன். வெள்ளை மயிர் ஒன்றுகூட இல்லை. முரட்டுப் பழுப்பு மயிர். ஒரு மண்டையோடு, அதில் மஞ்சள் ஏறிய நீண்ட முன்பற்கள். எங்கள் வெள்ளை எலியின் பல்லைப் போல் இரு மடங்கு. தெரு எலி.

வெளியே பிடித்த எலியை மையத்துக்குள் கொண்டுவரக் கூடாது. முந்திய ஆண்டு விஷம் தின்ற எலியைத் தின்று ஓர் ஆந்தை செத்தது. அதற்குப் பிறகு மையத்தின் செயலாளர் எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்லியிருந்தார், கொண்டுவருகிறவருக்கு அன்றோடு வேலை இல்லை என்று. செல்வியின் கணவன் சாரத்திலிருந்து விழுந்து வீட்டில் இருந்த காலம் அது. அந்தத் தட்டைக் குப்பையில் கவிழ்த்துவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். கவிழ்த்தால் செல்விக்கு வேலை நிலைக்கும். கூகைக்கு மூன்றாம் சுற்று மருந்து.

எட்டு மணிக்கு அவள் வந்தாள். தட்டைக் காட்டினேன்.

"என்னக்கா இது?"

"நீ சொல்லு."

"ராத்திரி எலி தானா உள்ள பூந்திருக்கும்."

"வாரத்துக்கு ரெண்டு நாள், கிழமை பாத்துப் பூருதாக்கும் உன் எலி?"

வாளியைக் கீழே வைத்தாள். "எங்க தெரு மளிகைக் கடையில பொறி வெக்கிறாங்க அக்கா. மருந்து வெக்கிற கடையில வாங்க மாட்டேன், சத்தியமா. பொறியில மாட்டுனது மட்டும்தான். அது பட்டினி கெடந்து சாவுது, நீங்க ரெண்டு பேரும் பேப்பரப் பாக்குறீங்க. நான் என்னா பண்றது?"

எனக்குப் பின்னால் டாக்டர் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. தட்டைப் பார்த்தார். ஊசியால் அந்தப் பல்லைத் திருப்பினார். முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வேறு ஏதோ வந்தது. ஒரு கணக்குக்கு விடை கிடைத்த முகம்.

"செல்வி, எனக்கு ஒரு எலி வேணும்."

"எலியா மேடம்?"

"ஆமா. நீ எங்கேர்ந்து கொண்டு வர்றயோ அங்கேர்ந்துதான். நாளைக்குக் காலமே."

"என்னைய வேலைய விட்டு அனுப்பப் போறீங்களா?"

"முதல்ல எலி. மிச்சம் அப்புறம்."

மறுநாள் பொறியைப் பழைய துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள். டாக்டர் எலியை மயக்கி, நோகாமல் முடித்து, வயிற்றைத் திறந்தார். ஈரலின் மேல் மஞ்சள் கலந்த வெள்ளைத் திட்டுகள், சுண்ணாம்புக் கையால் தொட்டது போல. அரிசி அளவு ஒரு துண்டை வெட்டி, இரண்டு தகடுகளுக்கு நடுவே நசுக்கி என்னிடம் நீட்டினார். அவர் பார்க்கவில்லை.

"நீங்க முதல்ல பாருங்கோ ஜெசிந்தா ஜி."

பார்த்தேன். அதே பீப்பாய். அதே இரு மூடிகள். நூற்றுக்கணக்கில். இந்த முறை முட்டையின் மேலோட்டையும் கவனித்தேன். மேலெல்லாம் நுண்ணிய குழிகள். ஆந்தைப் புழுவின் முட்டைக்கு அந்தக் குழிகள் இல்லை. என் பழைய தகடுகளை எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் குழிகள் இருந்தன. நான் மூடிகளைப் பார்த்ததும் பெயரை எழுதிவிட்டேன். மேலோட்டைப் பார்க்கவே இல்லை.

டாக்டர் செல்வியையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அவள் ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

"ரெண்டு பக்கமும் தோல் கட்டுன மத்தளம் மாதிரி இருக்குது மேடம்."

"இது எலியோட ஈரல்ல இருக்கற புழுவோட முட்டை. எலி உயிரோட இருக்கறவரைக்கும் வெளியே வர வழியில்லை. யாராவது அந்த எலியைத் தின்னு, எச்சத்துல போடணும். கூகை அதைத்தான் பண்றது. அது வெறும் தபால்காரன். கடிதம் அதுக்கு வந்ததில்லை."

"அப்போ நம்ம பறவைக்குப் புழுவே இல்லையா?"

"ஒரு நாளும் இருந்ததில்லை."

நடந்தது மூவருக்கும் புரிந்துவிட்டது. வெளியே தின்ற எலியின் முட்டைகளோடு கூகை வந்தது. அதைப் பார்த்து நான் மருந்து கேட்டேன். மருந்து பசியைக் கெடுத்தது. பசி கெட்டதைப் பார்த்துச் செல்வி எலி கொண்டுவந்தாள். எலி புதிய முட்டைகளைக் கொண்டுவந்தது. அதைப் பார்த்து நான் மறுபடியும் மருந்து கேட்டேன். மூவரும் அந்தப் பறவையைக் காப்பாற்றத்தான் பாடுபட்டுக்கொண்டிருந்தோம். முதல் நாளே 'நேற்று என்ன சாப்பிட்டது' என்று நான் கேட்டிருந்தால், மரத்தில் தொங்கிய பறவை அது, தெரு எலிதான் தின்றிருக்கும் என்ற பதில் கிடைத்திருக்கும்.

டாக்டர் செல்வியிடம் இன்னொன்று கேட்டார்: "எங்க எலியை ஏன் அது தின்னலை? உன்னோடதை மட்டும் ஏன் தின்னது?"

"உங்க எலி ஐஸ்பொட்டியில இருந்து வருது மேடம். ஈரத்துணி மாதிரி ஜில்லுனு கெடக்குது. இது வேற மருந்துல மந்தமாக் கெடக்குது. அது எலின்னு இதுக்கு எப்படித் தெரியும்?"

டாக்டர் குறிப்பேட்டை எடுத்து அதை அவள் சொன்னபடியே ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார். "அப்போ என்ன பண்ணலாம்?" என்று கேட்டார், சக மருத்துவரிடம் கேட்பது போல. வெந்நீரில் போட்டுச் சூடாக்கி, வாலில் நூல் கட்டி இழுக்கலாம் என்றாள் செல்வி. அன்று மாலையே செய்தாள். நூலில் அசைந்த வெள்ளை எலியைக் கூகை தலையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தது. பிறகு பாய்ந்தது.

செயலாளருக்கு டாக்டர் அறிக்கை எழுதினார். எதையும் மறைக்கவில்லை, எலி, செல்வி, நான், எல்லாம் இருந்தது. செயலாளர் உடனே வந்துவிட்டார். அந்தப் பெண்ணை அனுப்பிவிடுங்கள் என்று இந்தியில் சத்தம் போட்டார்.

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "அவள் கொண்டுவந்தது தவறு. விஷம் இருந்திருந்தால் பறவை செத்திருக்கும். அதை அவளிடம் சொல்லிவிட்டேன். ஆனால் அவள் கொடுத்த எலிகளால்தான் அது இன்றுவரை உயிரோடு இருக்கிறது. அவளை அனுப்புவதென்றால், தவறாகப் படித்த டெக்னீஷியனை அனுப்ப வேண்டும். தகட்டைப் பார்க்காமல் இரண்டு முறை கையெழுத்துப் போட்ட டாக்டரையும் அனுப்ப வேண்டும். மூன்று கடிதமாகத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள்."

கடிதம் எதுவும் வரவில்லை.

அன்று மத்தியானம் அந்தத் தகட்டை நான் பெட்டிக்குத் தயார் செய்தேன். கூகையின் எச்சத்திலிருந்து எடுத்த முட்டைகள். சில்லை வைத்துவிட்டு இழுப்பறையைத் திறந்தால், நகப்பூச்சுப் புட்டி காய்ந்து கல்லாகியிருந்தது. வாசலில் நின்ற செல்வி தன் பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்தாள். சிவப்பு.

"கொழுந்தியா கல்யாணத்துக்கு வாங்குனது. போடுங்க அக்கா."

நான் ஓர் ஓரத்தை அடைத்தேன். தூரிகையை டாக்டரிடம் நீட்டினேன். அவர் ஒன்றை அடைத்தார். செல்வி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நானும் போடலாமா? சொல்லாம வுட்டது நான்தானே."

மூன்றாம் ஓரத்தை அவள் அடைத்தாள். கோடு நேராக விழுந்தது. பிறகு குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நாலாவது பக்கம் யாருக்கு? கூகைக்கா? அது ஒரு தப்பும் பண்ணலியே."

டாக்டர் தூரிகையை வாங்கினார். "அதுவும் என்னோடது. நான் ரெண்டு கையெழுத்துப் போட்டேன்" என்று சொல்லி நான்காம் ஓரத்தையும் அடைத்தார்.

கோடு விழுந்த சிறகு உதிர்ந்து வேறு முளைக்கக் கொஞ்சம் நாளானது. பரிசோதனை இரண்டும் சுத்தமாக வந்தன. பெரிய கூண்டில் முதல் வாரம் தரையிலேயே நடந்தது; பிறகு பரணுக்குப் பறந்தது; பிறகு சத்தமே இல்லாமல் பறந்தது. கூகையின் இறக்கை நன்றாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். குளிர் தொடங்கும் முன் ஒரு நாள் அந்தி சாயும் வேளையில், மோதி பாகில் அது தொங்கிய அதே அரசமரத்தடியில் பெட்டியைத் திறந்தோம். உள்ளேயே சிறிது நேரம் நின்றது. குடியிருப்பின் பழைய தண்ணீர்த்தொட்டிப் பக்கமிருந்து இன்னொரு கூகை கீச்சிட்டது. எங்கள் கூகை செல்வியின் தலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் போயிற்று. "ஒரு காத்துகூட அடிக்கல பாருங்களேன்" என்றாள் அவள், தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே.

ரேவதி இதையெல்லாம் கேட்டுவிட்டு, சிவப்புத் தகட்டைப் புதிய இயந்திரத்துக்குள் வைத்தாள். திரையில் முட்டைகள் தெரிந்தன. ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு பச்சைக் கட்டம். குழிகளைக்கூட அது கண்டுகொண்டது. எலி ஈரல் புழுவின் பெயரைச் சரியாகச் சொன்னது. எனக்குச் சில வாரங்கள் பிடித்ததை அது மூச்சுவிடும் நேரத்தில் செய்தது. நல்ல இயந்திரம். எந்தப் பொறாமையும் இல்லாமல் சொல்கிறேன். அதன் கீழே, 'இப்பறவைக்குச் சிகிச்சை தேவை' என்றும் எழுதியிருந்தது.

ரேவதி என்னைப் பார்த்தாள். அவள் விசைப்பலகையை இழுத்து, இயந்திரம் கேட்கும் விவரப் பட்டியலின் தலையில் ஒரு புதிய கட்டத்தைச் சேர்த்தாள்: கடந்த மூன்று நாட்களில் தின்றது என்ன? அதை நிரப்பினால்தான் இனித் தகடு உள்ளே போகும்படி அமைத்தாள்.

அன்றைய மாதிரிகளில் முதலாவது நான்காம் கூண்டிலிருந்து வந்திருந்தது. ஒரு சின்னப் புள்ளி ஆந்தை. ரேவதி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக் கத்தினாள். "செல்வி ஆன்ட்டி! நாலாம் நம்பர் நேத்து என்ன சாப்பிட்டுது?"

செல்வி இப்போது தீனிப் பிரிவுக்குப் பொறுப்பாளர். அவளுக்குக் கீழே மூன்று பேர் வேலை செய்கிறார்கள். கையில் குறிப்பேடு இருந்தது, அதைத் திறக்கவில்லை.

"நேத்து வெள்ளை எலி ஒண்ணு, பாதி மிச்சம் வெச்சிடுச்சு. முந்தாநாள் ரெண்டு" என்றாள். வாளியை வைத்துவிட்டுக் கூண்டுகளின் பக்கம் திரும்பினாள். "இரு கண்ணு, அதுக்குள்ள எழுதிடாத. பாவம் பாத்து வேற யாராச்சும் எதாச்சும் குடுத்தாங்களான்னு கேட்டுட்டு வந்துடறேன்."